இரவல் குரல்

மாநகராட்சித் தாவரவியல் பூங்காவில் தாகமெடுத்தால் மரங்களே வாய்விட்டுக் கேட்கும். ஒவ்வொரு மரத்துக்கும் இறந்துபோன ஒருவரின் குரல். பூங்காக் கண்காணிப்பாளர் மங்கையர்க்கரசி, நாகலிங்க மரத்துக்குத் தன் மகள் அபிநயாவின் குரலைக் கொடுத்திருந்தாள்.

"அம்மா, தண்ணி குடும்மா" என்று கேட்டதுமே ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிடுவாள். தாகம் தீர்ந்ததும் மரம் பேச்சை நிறுத்திவிடும். பிறகு வாரக்கணக்கில் மௌனம்தான்.

இந்தக் கோடையில் மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டு நின்றது. தோட்டக்காரர் செல்லையா பதறிக்கொண்டு வந்தார்.

"மேடம், நாலஞ்சு நாளா விடாம கத்துதுங்க. குழாய யாரோ பூட்டி வெச்சிருக்காங்க. இப்படியே விட்டா பட்டுப்போயிருமுங்க."

"தெரியும். நீங்க போங்க."

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, மங்கையர்க்கரசி மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தரம் கேளு, கண்ணு."