ஒத்தை ஏத்தம்

"நீங்கல்லாம் ஒரு அப்பனாய்யா?"

லாரிக் கதவைப் பிடித்துத் தொங்காத குறையாகக் கத்தினாள் டிரைவரின் மனைவி.

மலையடிவாரத்துப் பஞ்சர் கடை. காலை பத்து மணி. லாரியில் இருநூறு மூட்டை சிமெண்ட். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருபது வயது மகன். லைசென்ஸ் வாங்கி முழுசாக இரண்டு மாதம் ஆகவில்லை.

கீழே இறங்கி நின்ற டிரைவருக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. நாலு லாரிக்காரன் பார்க்க, இப்படியா மானத்தை வாங்குவாள்?

இவர் குடும்பத்தில் இது வழக்கம். மகனுக்கு இருபது வயசானால், அப்பன் லோடு வண்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவான். பதினாறு வளைவையும் அவன் தனியாக ஏற்றி, மலை மேல் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதற்குப் பேர் ஒத்தை ஏத்தம். அதை முடிக்கும்வரை வீட்டில் அவனை யாரும் 'டிரைவர்' என்று சொல்ல மாட்டார்கள்.

"அப்பா, கிளீனரா வர்ற மாமாவையாவது கூட அனுப்புங்கப்பா. ஏத்தத்துல வண்டி நின்னுட்டா..."

"நின்னா எடுடா! மாமன் மடியில உட்கார்ந்து ஓட்டுறவனுக்கு எதுக்குடா மீசை?"

மகன் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அது இவருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"அழறான் பாரு! எல்லாம் நீ கொடுத்த செல்லம்டி."

டியூப் ஒட்டிக்கொண்டிருந்த பஞ்சர்காரர் எழுந்து வந்தார். டிரைவரின் அப்பா லாரி ஓட்டிய காலத்தில் கிளீனராக இருந்தவர். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"தம்பி, வீம்பு வேண்டாம். உன் மச்சானைக் கூட அனுப்பு."

"அண்ணே, நீங்க டியூபை ஒட்டுங்க. எங்க குடும்ப விஷயத்துல தலையிடாதீங்க." மனைவியின் கையைக் கதவிலிருந்து பிய்த்தெடுத்தார். "எட்றா வண்டியை!"

லாரி உறுமிக்கொண்டு நகர்ந்தது. முதல் கியரில், ஆள் நடக்கிற வேகத்தில், முக்கி முனகி ஏறியது.

"என் பிள்ளை மேல ஒரு கீறல் விழட்டும், அப்புறம் இருக்கு உங்களுக்கு! வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்க முடியாது!"

"நிறுத்துடி! எங்கப்பா என்னை அனுப்பலையா? இதே இடத்துல இறங்கிக்கிட்டு, திரும்பிக்கூடப் பார்க்கலை அந்த மனுஷன். ஏழாவது வளைவுல எதிர்ல பஸ். நட்ட நடு ஏத்தத்துல நிறுத்தி வழிவிட்டேன். மறுபடி எடுத்தேன். வண்டி ஒரு சாண் பின்னால போகலை. யார் இருந்தா எனக்கு? ஒரு நாதி கிடையாது! ஆம்பளைன்னா அப்படி வளரணும்."

பஞ்சர்காரர் கையிலிருந்த சுத்தியலை வீசி எறிந்தார். அது டிரம்மில் பட்டு நங்கென்றது.

"எப்படிடா பின்னால போகும்? பின் டயருக்கு அடியில உங்கப்பன் கட்டை கொடுத்துக்கிட்டு நின்னான்டா, முட்டாள்!"

டிரைவர் திரும்பினார்.

"என்னண்ணே உளர்றீங்க?"

"நீ வண்டியை எடுத்ததும் நாங்க ரெண்டு பேரும் பின்னாலயே ஓடி வந்து தொத்திக்கிட்டோம். வண்டி நின்ன இடத்துல எல்லாம் குதிச்சுக் கட்டை கொடுத்தது அவர்தான். அந்த ஏழாவது வளைவுல வண்டி வழுக்கிச்சு. கட்டையோட சேர்ந்து அவர் கையும் மாட்டிக்கிச்சு."

"கையா? அது கதவுல நசுங்கினதுன்னுதானே சொன்னாரு..."

"கதவுல! ரெண்டு விரல் கூழாகிப்போச்சு. வாயில துண்டை வச்சுக் கடிச்சுக்கிட்டாரு, உன் காதுல விழக்கூடாதுன்னு. 'தனியா ஏத்தினேன்னு என் பிள்ளை ஊரெல்லாம் சொல்லிக்கட்டும்டா, நீ வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்'னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு. பாவி மனுஷன். நானும் இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கிட்டு இருந்து தொலைச்சேன். அதைப் போய் நீ இந்தப் பிள்ளை தலையில கட்டுறியே!"

டிரைவர் ஏற்றத்தைப் பார்த்தார். மனைவி அவரையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

லாரியின் பின்பக்கம் இன்னும் தெரிந்தது. முதல் வளைவை நெருங்கிக்கொண்டிருந்தது. மேலே எங்கேயோ இறங்கி வருகிற பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"ஐயோ, என் பிள்ளை!"

இந்தத் தடவை அலறியது மனைவி இல்லை. டிரைவர்தான். கடை ஓரத்தில் கிடந்த கட்டையைத் தூக்கித் தோளில் போட்டார். செருப்பு ஒரு பக்கம் பறந்தது. தொப்பை குலுங்க, மூச்சிரைக்க, ஏற்றத்தில் ஓட ஆரம்பித்தார்.

பஞ்சர்காரருக்குக் கோபம் அடங்கவே இல்லை. நடுரோட்டுக்கு வந்து நின்று தொண்டை கிழியக் கத்தினார்:

"டேய், சைடு கண்ணாடிப் பக்கமா ஓடாதடா அறிவுகெட்டவனே! பையன் உன்னைப் பார்த்துத் தொலைச்சிடப் போறான்!"