தூணுக்கு ஒரு முழம் முன்

மேகம் விலகிய ஸ்காட்லாந்து மலையுச்சியில், நில அளவைத் தூண் வெண்ணீறணிந்த அடியார்போல் ஈரத்தில் ஒளிர்கிறது. முன்னே வந்துவிட்ட ஃபெர்கஸ், அதற்கு ஒரு முழம் தள்ளி, கைகளை அக்குளில் செருகியபடி நடுங்கி நிற்கிறார். தூணைத் தொட்டவரே மலையேறியவர் என்பது எங்கள் மலையேற்றக் குழுவின் வழக்கு. இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட அவர் மனைவி இஷ்பெல், காற்று தள்ளத் தள்ள, பாறைகளில் தவழ்ந்து வருகிறார். “கை குடுக்கட்டுமா?” என்கிறார் ஃபெர்கஸ். “வேணாம். நீ பிடிச்சு இழுத்தா நான் ஏறினதாகுமா? ஆமா, இன்னுமா நீ தொடல?” “எல்லா மலையிலயும் நீதானே முதல்ல தொட்டே? இன்னைக்கு மட்டும் நான் ஜெயிச்சா நல்லாவா இருக்கும்?” இஷ்பெல் கையுறையைப் பல்லால் உருவி, தூணின் குளிர்ந்த காரையில் உள்ளங்கையைப் பதிக்கிறார், கண்கள் தாமே மூடுகின்றன. “இன்னைக்கும் நீ ரெண்டாவதுதான், கிழவா!” அதன்பிறகே ஃபெர்கஸின் கைகள் அக்குளைவிட்டு வெளிவருகின்றன.