பூட்டின வீட்டு பில்

"காலி பண்ணிட்டு வந்த வீட்டுக்கு மூணு மடங்கு கரண்ட் பில்லா? பூட்டின வீட்டுல எந்தப் பேய்டா ஃபேன் போட்டுத் தூங்குது?" அம்மா சண்டைக்கு நின்றாள்.

"நான் கட்டிக்கிறேன், விடும்மா." மகன் சொம்பைச் சுவரில் எறிந்தான், பில்லைப் பிடுங்க அவள் கையை முறுக்கினான். மருமகள் ஓடிப்போனதிலிருந்து அவனுக்கு இந்த வெறிதான்.

அம்மா விடவில்லை. விளக்கை அணைக்காததற்கே மருமகளைத் தினமும் கரித்துக்கொட்டியவள் அவள்.

மறுநாள் லைன்மேனோடு போய்ப் பூட்டை உடைத்தாள். பின்னறையில் பட்டப்பகலில் விளக்கு, ஃபேன், ஹீட்டர் எல்லாம் ஓடின. சுவிட்சு வரை மட்டும் எட்டும் சங்கிலியில், முகம் வீங்கிக் கிடந்தாள் மருமகள்.

"வேணும்னுதான் எதையும் அணைக்கல அத்தை," என்றாள். "பில் ஏறினா நீங்க சும்மா இருக்க மாட்டீங்கன்னு தெரியும்."