கை பொறுக்கும் சூடு

செயற்கைக்கோள் பதில் சொல்வதை நிறுத்தியபோது, ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளின் இணைப்பான் பனியில் அரித்துப்போயிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் காரணம் என்று மலைமேல் இருந்த அந்த ராணுவத் தளத்தில் எல்லோரும் நம்பினார்கள். புதிய இணைப்பான் வரும்வரை அலை அனுப்பும் கருவியைச் சும்மா போட்டுவைக்கக் கூடாது என்பதால், கேபிளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஓர் உலோகக் கட்டையை மாட்டினார்கள். அனுப்புகிற அலையையெல்லாம் அது விழுங்கிச் சூடாக மாற்றிவிடும். மேஜர் உமையாள் தினமும் பொத்தானை அழுத்தி வழக்கம்போலவே செயற்கைக்கோளைக் கூப்பிடுவாள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுக் கட்டையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். அவள் கூப்பிட்டதெல்லாம் அங்கே கை பொறுக்கும் சூடாக இருந்தது. அந்த அறையில் அவள் கைக்கு எட்டிய சூடு அது ஒன்றுதான்.

இன்று இணைப்பான் வந்துவிட்டது. டெக்னீஷியன் சவரிராயன் கட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கேபிளைத் திருகி இறுக்கினார்.

“முடிஞ்சுது மேடம். இனி நேரா மேலதான் போகும். கூப்பிடுங்க.”

“இருங்க சவரி. ஒரு டீ குடிச்சிட்டு வரலாமே?”

“இப்பதானே மேடம் குடிச்சோம்?”

அவள் விரல் பொத்தானின் மேல் நின்றது. மறு கை தானாகக் கட்டையைத் தேடிப் பிடித்தது. அது சில்லிட்டுக் கிடந்தது. பதில் வராததற்கு நேற்றுவரை ஒரு காரணம் இருந்தது.