குளக்கரையில் அரை மணி நேரம்

பேரூர் டவுன் பஸ்ஸின் ஜன்னல் வழியே செலின் தன் கணவனைப் பார்த்துவிடுகிறாள். பட்டறையில் வேலை அதிகம் என்று ஒரு மாதமாகத் தாமதமாக வரும் அந்தோணிராஜ், உக்கடம் குளக்கரையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வேகமாகத் திரும்பி நடக்கிறாள். பக்கத்தில் எவளாவது இருக்கிறாளா என்று அவள் கண் தேடுகிறது. யாருமில்லை. சாயங்கால வெயில் தண்ணீரில் மஞ்சளாய்க் கிடக்கிறது. நீர்க்கோழிகள் மெல்லக் கத்துகின்றன. அவன் சீட்டியடித்துக்கொண்டிருக்கிறான். ஒன்பது வருடத்தில் அவள் ஒருமுறைகூடக் கேட்டிராத சீட்டி. வீட்டில் எப்போதும் சுருங்கியே இருக்கும் நெற்றி இங்கே விரிந்து கிடக்கிறது. எவளாவது இருந்திருந்தால்கூட அவளுக்கு வயிறு இப்படி எரிந்திருக்காது.

“ஏனுங்க, இதுதான் அந்த வேலைங்களா?”

அவன் திடுக்கிட்டுத் திரும்புகிறான். “இல்ல செலினு... லேத்துச் சத்தம் காதுக்குள்ளயே நிக்குது. அது அடங்குனதும் ஊட்டுக்கு வரலாம்னு, ஒரு அரை மணி நேரம்...”

“நாள் பூரா தையல் மிஷினு முன்னால உக்காந்திருக்கறனே, எனக்குக் காது இல்லீங்களா?”

அவன் நகர்ந்து கல்லில் இடம் விடுகிறான். அவள் உட்காரவில்லை.

“எந்திரிங்க. புள்ளைங்க பசியோட இருக்கும், போய்ச் சோறாக்குங்க. நான் பொறவு வாரேன்.”

அவன் எழுந்து நடக்கிறான். செருப்பைக் கழற்றிவிட்டு அவள் அந்தக் கல்லில் உட்காருகிறாள். அவன் மூன்று முறை திரும்பிப் பார்க்கிறான். அவள் குளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.