எந்தத் தொடையில் கம்பி?

எங்க வீட்டுக்காரர் காசிக்குத் தொடை எலும்பு மூணு துண்டு. கீழ்பென்னாத்தூர் ரோட்டுல வேர்க்கடலை மூட்டையோட பைக் சாய்ஞ்சு, கால் அடியில மாட்டிக்கிச்சு.

எலும்புக்குள்ள கம்பியை விட்டு, மேலயும் கீழயும் திருகாணி போட்டாத்தான் நேரா சேரும்னு டாக்டர் எக்ஸ்ரேவைக் காட்டிச் சொன்னார். இவர் கேக்கணுமே. கம்பி வெச்சா ஆயுசுக்கும் நொண்டணும்னு எவனோ ஓதிட்டுப் போயிட்டான். நாட்டு வைத்தியர்கிட்டப் போய் எண்ணெய்க் கட்டுதான் போட்டுக்குவேன்னு ஒரே பிடிவாதம். இவங்க அண்ணன் ராஜேந்திரன் வேனையே கொண்டாந்து ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்திட்டார். நான் அழுது பாத்தேன், திட்டியும் பாத்தேன். ஒண்ணும் நடக்கல.

அப்பதான் சர்தார் பாய் வந்தார். டவுன்ல தையல்கடை வெச்சிருக்காராம். தினம் கடை திறக்கறதுக்கு முன்னாடி இந்த எலும்பு வார்டுக்கு ஒரு நடை வருவாராம். இத்தனைக்கும் அவருக்கு வேண்டியவங்க யாரும் அங்க இல்லை.

"எனக்கும் இதே இடம்தான் தம்பி"னு இடது தொடையைத் தட்டினார். "உள்ள கம்பி இருக்கு. ஆறு வருஷமாச்சு. பாக்கறியா?"

வார்டு நீளத்துக்கு விறுவிறுன்னு நடந்தார். தரையில உக்காந்து, கை ஊணாம எழுந்தார். பௌர்ணமிக்கு மலை சுத்த வர்றவங்களுக்கு ஈடு குடுத்து நடப்பேன்னார். வெச்ச கண் வாங்காம பாத்துக்கிட்டிருந்த எங்க வீட்டுக்காரர், சரி, கம்பியே வெக்கட்டும்னுட்டார். வேன் காலியா திரும்பிப் போச்சு.

ஆபரேஷன் முடிஞ்சு நாலாம் நாள், வாக்கரைப் பிடிச்சு அடி எடுத்து வெச்சார். எனக்கு அப்பதான் போன உசுரு திரும்பி வந்துச்சு.

அன்னிக்கு அவரை வராந்தாவுக்கு நடைப்பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. பக்கத்து பெட்டுக்குப் புதுசா ராமன்னு ஒருத்தர். வலது தொடை உடைஞ்சிருக்கு. அவருக்கும் அதே பயம். சர்தார் பாய் வந்தார். "எனக்கும் இதே இடம்தான்"னு தட்டினார், வலது தொடையை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கற புரோக்கரோ? வலியில கிடக்கறவங்ககிட்ட இப்படிப் புளுக எப்படி மனசு வருதுன்னு கொதிச்சுது. மனசுல வெச்சுக்கற ஜாதி இல்லை நான். மாடிப்படியிலயே மடக்கினேன்.

"நெஜத்தைச் சொல்லுங்க பாய். எந்தத் தொடைல கம்பி?"

கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னார்.

"ரெண்டுலயும் இல்லம்மா."

அப்புறம் மெதுவா சொன்னார். தொடை எலும்பு உடைஞ்சது அவர் சம்சாரம் அஜ்மத் பேகத்துக்கு. கம்பி வெச்சே ஆகணும்னு டாக்டருங்க எவ்வளவோ சொல்லியிருக்காங்க. கேக்காம எண்ணெய்க் கட்டுக்குத் தூக்கிட்டுப் போனது இவர்தானாம். எலும்பு சேரவே இல்லை. ஆறு வருஷமா அந்தம்மா படுத்த படுக்கை.

"அவ கதையைச் சொன்னா பயம் ஜாஸ்தியாயிடுதும்மா. நடந்து காட்டினாத்தான் நம்பறாங்க"ன்னுட்டு இறங்கிப் போயிட்டார்.

வார்டுக்குத் திரும்பினா, ராமன் சம்சாரம் வள்ளி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"அக்கா, அந்த பாய் சொன்னதெல்லாம் நெஜமா? நீங்க சொன்னீங்கன்னா இவர் கையெழுத்துப் போட்டுடுவார்."

"நெஜம்தாம்மா. வலது தொடைலதான் கம்பி. எக்ஸ்ரேவை நானே பாத்தேன்"னேன்.