பச்சை பேட்ஜ்

என் வீட்டுக்காரர் சட்டையில் பச்சை பேட்ஜ் குத்தி ஆறு வருஷமாகிறது. கஞ்சாவுக்குச் சட்டம் அனுமதி கொடுத்தும் ஊர் முகம் சுளித்தது. கஞ்சா பிடிப்பவர்கள் ஒளியாமல் பச்சை பேட்ஜ் குத்திக்கொண்டு திரிந்தால் ஊர் மதிக்கும் என்றது இவர்கள் சங்கம். மதிக்கத்தான் செய்கிறது, வைத்த கண் வாங்காமல்.

ஆபீசுக்கு ஒரு நாள்கூடத் தாமதமாகப் போக மாட்டார். ஜோக்குக்குச் சத்தமாகச் சிரிக்க மாட்டார். சின்னத் தப்பு நடந்தாலும், "அதைப் பிடிக்கிறதாலதான்" என்பார்கள்.

நேற்று என் தங்கை மகள் கல்யாணப் பந்தி. பாயசம் என்றால் இவருக்கு உயிர். இரண்டாவது தடவை வந்தபோது கையால் மறித்துவிட்டார். எதிர்வரிசையே இவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கடைசியா எப்பங்க பிடிச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பேட்ஜ் குத்துறதுக்கு முந்தின நாள். அப்புறம் எங்க, எல்லாரும் பார்க்கிறாங்களே."

"அப்போ கழட்டி எறிங்களேன்!"

"கழட்டினா, அது ஆளையே கெடுத்துடுச்சு, அதான் விட்டுட்டான்னு பேசுவாங்க செண்பகம்."

பக்கத்தில், குடித்துவிட்டு வந்திருந்த என் தம்பி நாலாவது தடவையாகப் பாயசம் வாங்கி, சம்பந்தி வேட்டியில் கொட்டினான். பந்தியே விழுந்து விழுந்து சிரித்தது.

இவர் மட்டும் சிரிப்பு வெளியே வந்துவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு கை கழுவ எழுந்தார்.